பொனேர் கடல் பூங்காவில் ஸ்கூபா டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் கடலில் டைவ் செய்ய ஆசைப்படும் தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விடுதி, சாப்பாடு போன்றவற்றுக்கு வேறு இடங்களில் தகவல் கிடைக்கும். இங்கே கடலைப் பற்றியும், அந்தக் கடலில் நாம் நடந்துகொள்ள வேண்டிய விதம் பற்றியும்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பொனேர் எங்கே இருக்கிறது?

தென் அமெரிக்காவின் வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே, அரூபா, குராசோ தீவுகளுக்குப் பக்கத்தில். மூன்றில் கிழக்கே இருப்பது இது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனாலும் யூரோ செல்லாது. 2011-லிருந்து அமெரிக்க டாலர்தான் நாணயம். ஆட்சிமொழி டச்சு, மக்கள் வீட்டில் பேசுவது பப்பியமெண்டோ. தலைநகர் கிராலெண்டைக். அதற்கு நேர் எதிரே ஆளில்லாத சிறு தீவு ஒன்று கிடக்கிறது, பெயர் கிளைன் பொனேர்.

கரீபியனில் எத்தனையோ தீவுகள் இருக்க, டைவர்கள் ஏன் இங்கே போகிறார்கள்?

படகு இல்லாமலே டைவ் செய்யலாம் என்பதுதான் முதல் காரணம். வாடகைக்கு ஒரு பிக்கப் லாரி எடுத்து, பின்னால் காற்று டேங்குகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனால், ஓரமாக மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் வரும். ஒவ்வொரு கல்லிலும் அந்த டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, அங்கேயே உடை மாற்றி, கடலில் இறங்க வேண்டியதுதான். கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பவளப்பாறையின் விளிம்பு வந்துவிடும். அங்கிருந்து சரிவு கீழே இறங்குகிறது. படகு, கரை எல்லாம் சேர்த்து எண்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் இப்படிப் பெயர் பெற்றிருக்கின்றன.

இந்த வசதி அமைந்ததற்குத் தீவின் இருப்பே காரணம். ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. அதனால் கிழக்குக் கரையில் அலை மோதிக்கொண்டே இருக்கும், மேற்குக் கரை அநேகமாக எப்போதும் அமைதியாக இருக்கும். மழையும் குறைவு, ஆறு ஒன்றுகூட இல்லை. மண்ணும் சேறும் கடலுக்கு வருவது குறைவதால் தண்ணீர் தெளிந்து நிற்கிறது. இருபது, முப்பது மீட்டர் தூரம் பார்வை போவது இங்கே சாதாரணம். தண்ணீர் 26 முதல் 29 டிகிரி வரை இருப்பதால் பலருக்கு மெல்லிய வெட்சூட்டே (டைவர்கள் போடும் இறுக்கமான உடை) போதும்.

இது எந்த வகையில் ‘பாதுகாக்கப்பட்ட’ கடல்?

பொனேர் தேசியக் கடல் பூங்கா 1979-ல் தொடங்கப்பட்டது. அலை ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் பூங்காதான். கிளைன் பொனேரைச் சுற்றிய கடலும், தென்கிழக்கே கண்டல் காடும் கடற்புல்லும் நிறைந்த லாக் விரிகுடாவும் இதில் அடங்கும். பல நாடுகளில் நல்லதாக ஒரு துண்டை மட்டும் வேலி கட்டிக் காப்பாற்றுவார்கள், மற்றதை விட்டுவிடுவார்கள். இங்கே மிச்சம் விட்ட கரை என்று எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், பொனேர் பிழைத்ததற்கு இந்த ஒரு முடிவுதான் முதல் காரணம்.

பூங்காவுக்கு முன்பே சட்டங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆமை முட்டைகளையும் கூடுகளையும் காக்கும் சட்டம் 1961-ல் வந்தது. ஈட்டி எறிந்து மீன் பிடிப்பதை 1971-லேயே தடை செய்தார்கள். 1975-ல், உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தை எடுக்கக்கூடாது என்றார்கள். இந்த மாற்றங்களைப் பேசும்போது டான் ஸ்டுவர்ட்டை விட்டுவிட முடியாது. தீவில் எல்லோரும் ‘கேப்டன் டான்’ என்பார்கள். 1962-ல் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கர். முதலில் ஈட்டியோடு மீன் பிடித்தவரே பின்னாளில் ஈட்டி வேண்டாம் என்று நின்றார். நங்கூரம் பவளத்தை உடைக்கிறது என்று, படகு கட்ட நிரந்தர மிதவைகள் போட வைத்தார். 2014-ல் காலமானார். இன்று டைவ் படகுகள் நங்கூரம் போடுவதில்லை, மிதவையில்தான் கட்டுகின்றன.

நுழைவுக் கட்டணம் எதற்கு? கடலுக்குமா காசு?

ஆம், கட்டாயம் கட்ட வேண்டும். இந்தக் கேள்வியில் ஒரு சலிப்பு தெரிவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1979-ல் பூங்காவைத் தொடங்கியபோது வெளியிலிருந்து வந்த நிதி சில ஆண்டுகளில் தீர்ந்துபோனது. பூங்கா பெயரளவில் மட்டுமே நின்றது. 1991-ல் மறுபடி உயிர் கொடுத்து, 1992 முதல் ஒவ்வொரு டைவரும் ஆண்டுக்கு 10 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் அப்போது இருந்தது. யாரும் ஓடவில்லை. டைவர் தரும் பணத்தில் நடக்கும் கடல் பூங்காவுக்கு உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் இடங்களில் பொனேரும் ஒன்றானது. கட்டணம் அதன்பின் பலமுறை உயர்ந்துவிட்டது. இப்போதைய தொகையைப் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபா அமைப்பின் தளத்தில் பார்த்து, கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டிவிடலாம். ரேஞ்சர்களின் சம்பளமும், மிதவைகளின் பராமரிப்பும், ஆய்வு வேலைகளும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

போனவுடன் கடலில் இறங்கிவிடலாமா?

முடியாது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், முதலில் ஒரு டைவ் மையத்தில் பூங்கா விதிகளைப் பற்றிய விளக்கத்தைக் கேட்க வேண்டும். பிறகு அங்கேயே கரைக்கு அருகில் ஒரு சோதனை டைவ். எடைப் பட்டியில் எத்தனை கிலோ வேண்டும், மூழ்காமலும் எழாமலும் ஒரே மட்டத்தில் நிற்க முடிகிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள இது வாய்ப்பு. இதற்கு அரைநாள் வீணாகிறதே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பயிற்சிக் குளத்துக்கு அப்புறம் நேராகப் பவளத்தின் மேல் போய் விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கையுறை போடக்கூடாதாமே, ஏன்?

கையில் கையுறை இருந்தால் பிடிக்கத் தோன்றும். வெறுங்கை என்றால் எதையும் தொடுவதற்கு முன் யோசிப்போம். விதியின் நோக்கம் அவ்வளவுதான்.

பவளம் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் அதன் மேல்தோல் முழுக்க உயிர். ஆயிரக்கணக்கான சிறு பவள உயிரிகள் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து, அடியில் சுண்ணாம்பைப் படியவைத்துக் கட்டும் வீடு அது. அதன் மேல் வழவழப்பான ஒரு சளிப்படலம் இருக்கும். விரல் பட்டால் அந்தப் படலம் வழித்துக்கொண்டு போகும், அதன் வழியே நோய் நுழையும். கரீபியனில் பாறையைக் கட்டி எழுப்பும் பெரிய உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஆளுயரப் பவளத்தின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) உதையில் அதன் மேல்தோல் கிழிந்துவிடும்.

எதையும் எடுக்கவும் கூடாது. கிளிஞ்சல், செத்த பவளத் துண்டு, சங்கு எதுவும் ஊருக்கு வரக்கூடாது. சன்ஸ்கிரீனிலும் கவனம் தேவை: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவை 2021 முதல் தீவில் தடை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வதே சுலபம்.

நான் புதியவன். எனக்கு இது சரிப்படுமா?

தாராளமாக. ஆனால் பயிற்சியை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். புதுச்சேரியிலும், அந்தமானிலும், இலங்கையில் திருகோணமலையிலும் பாடி (PADI) அல்லது எஸ்.எஸ்.ஐ. (SSI) என்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ் தரும் பள்ளிகள் இருக்கின்றன. பாடியின் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், பத்து நிமிடம் மிதக்கத் தெரிய வேண்டும். நேரக்கெடு கிடையாது. அந்தச் சான்றிதழோடு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். பொனேரில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அதற்கு மேலேயே இருக்கிறது.

புதியவர்கள் முதலில் கற்க வேண்டியது மிதவைக் கட்டுப்பாடு, அதாவது மூழ்காமலும் எழாமலும் ஒரே மட்டத்தில் நிற்பது. மீன் பெயர் அப்புறம் தெரிந்துகொள்ளலாம். நுரையீரல்தான் உங்கள் கையில் இருக்கும் நுட்பமான கருவி. மூச்சை இழுத்தால் ஓரிரு நொடி கழித்து உடல் மெல்ல எழும், விட்டால் இறங்கும். அந்த ஓரிரு நொடித் தாமதம் பிடிபடாததால்தான் புதியவர்கள் பி.சி.டி. (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) பொத்தானை மாறி மாறி அமுக்கி ஏறி இறங்குகிறார்கள். அதிகமான ஈயம் கட்டிக்கொள்வது அடுத்த தவறு. எடை கூடக்கூட அதைச் சமாளிக்க பி.சி.டி.யில் காற்று கூட வேண்டும். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கி விரிந்து உங்களை ஆட்டிவைக்கும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு பார் (ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தத்தின் அளவு) அழுத்தம் கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். மேற்பரப்பிலிருந்து பத்து மீட்டருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது, அதே அளவு காற்று பாதியாகச் சுருங்குகிறது. ஆகவே தடுமாற்றம் அதிகம் வருவது ஆழத்தில் அல்ல, மேலே இருக்கும் அந்தப் பத்து மீட்டரில்தான். முதல் இரண்டு நாட்களை மணல் தரை உள்ள இடங்களில் இதற்காகவே செலவழியுங்கள்.

என்னென்ன பார்க்கலாம்?

350-க்கும் மேற்பட்ட மீன் இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். பட்டியல் போட்டால் பக்கம் போதாது, எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிளிமீனைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்கலாம். முறுக்கு கடிப்பது போன்ற ஓசை வரும். அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டி, அதில் படர்ந்த பாசியைத் தின்கிறது. கூடவே விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து வெண்மணலாக வெளியே விடும். பின்னால் நின்று பார்த்தால் மணல் புகையாக இறங்குவது தெரியும். பாசியை இது மேய்ந்து தள்ளாவிட்டால் இளம் பவளம் ஒட்டி வளர இடமிருக்காது. அதனால்தான் 2010-லிருந்து பொனேரில் கிளிமீன் பிடிக்கத் தடை.

சுத்தம் செய்யும் நிலையங்களைத் தேடிப் பாருங்கள். சுருள் சுருளான விரல்களைக் கொண்ட ஒரு கடற்சாமந்தி, பக்கத்தில் கண்ணாடி போன்ற உடலில் ஊதாப் புள்ளிகளோடு பெடர்சன் இறால். அது நீண்ட வெண்ணிற உணர்கொம்புகளை ஆட்டி அழைக்கும். களவா மீன் ஒன்று வந்து, நிறம் மாறி, வாயைத் திறந்து அசையாமல் நிற்கும். இறால் அதன் செவுளுக்குள் நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். தன் வாய்க்குள் இருக்கும் இரையைக் களவா தின்பதில்லை. இரண்டு மீட்டர் தள்ளி, குமிழிகளைக் குறைத்து மூச்சுவிட்டால் முழுக் காட்சியும் கிடைக்கும். அருகே போனால் களவா கிளம்பிவிடும், இறாலின் பிழைப்பும் கெடும்.

ஆமைகளில் பச்சை ஆமையும் அழுங்காமையும் அடிக்கடி தென்படும். பெருந்தலை ஆமை முட்டையிட வருவதும் உண்டு. கடல்குதிரையும் தவளைமீனும் இருக்கின்றன, ஆனால் கண்ணில் படுவது வழிகாட்டியின் கருணை. சால்ட் பியர் என்னும் உப்புத்துறையின் தூண்களுக்கிடையே மீன் கூட்டங்கள் நிழலில் நிற்கும். அங்கே கப்பல் நிற்கும்போது டைவ் செய்யக்கூடாது. தெற்கே ஏஞ்சல் சிட்டிப் பக்கம் இரட்டைப் பாறை. இரண்டுக்கும் நடுவிலுள்ள மணலில் தோட்ட விலாங்குகள் பாதி உடலை நீட்டி ஆடிக்கொண்டிருக்கும், நெருங்கினால் வரிசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கப்பல் சிதைவு இருக்கிறதா?

ஹில்மா ஹூக்கர். சுமார் 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். 1984-ல் அதில் ஒளித்துவைத்த கஞ்சா பிடிபட்டது. தடுத்து நிறுத்தப்பட்ட கப்பல் அதே ஆண்டு செப்டம்பர் 12-ல் மூழ்கி, இரண்டு பவளப்பாறைகளுக்கு நடுவே மணலில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அடி ஆழம் ஏறக்குறைய 30 மீட்டர் என்பதால் அட்வான்ஸ்டு (ஓப்பன் வாட்டருக்கு அடுத்த நிலை) சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஏற்றது. உள்ளே நுழையப் பயிற்சி இல்லாதவர்கள் வெளியே சுற்றினாலே போதும்.

சிங்கமீனைக் கொல்கிறார்களாமே? எதையும் தொடாதே என்று சொல்லும் பூங்காவில் இது எப்படி?

நியாயமான கேள்வி. சிங்கமீன் கரீபியனுக்குச் சொந்தமானது அல்ல. நம் பக்கத்து இந்து, பசிபிக் பெருங்கடல்களின் மீன். இந்தியக் கரையோரப் பவளப்பாறைகளில் அது இயல்பாக வாழ்கிறது, மற்ற உயிர்களோடு ஒரு கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் அலங்கார மீன்தொட்டிகளிலிருந்து கடலுக்கு வந்து பெருகியது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பொனேரில் முதன்முதலாகக் கண்டது 2009 அக்டோபரில். அங்குள்ள சிறு மீன்களுக்கு இதை எதிரி என்று அறியும் வழக்கமில்லை, பக்கத்தில் வந்தாலும் ஓடுவதில்லை. ஒரு சிங்கமீன் பாறையில் நிலைத்துவிட்டால் குஞ்சு மீன்கள் வேகமாகக் குறையும். அவற்றில் கிளிமீன் குஞ்சுகளும் அடக்கம்.

ஆகவே ஈட்டித் தடைக்கு ஒரே ஒரு விலக்கு: பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவர்கள் சிறு ஈட்டியால் சிங்கமீனை மட்டும் பிடிக்கலாம். முள்ளில் நஞ்சு உண்டு, சதையில் இல்லை. தீவின் உணவகங்களில் சமைத்துக் கொடுக்கிறார்கள்.

இரவில் டைவ் செய்வது பயமாக இருக்காதா?

முதல் சில நிமிடம் இருக்கும். பகலில் போன இடத்துக்கே இரவிலும் போங்கள், வழி தெரிந்திருந்தால் பயம் பாதி குறைந்துவிடும். சில கிளிமீன்கள் தன்னைச் சுற்றி ஒரு சளிக்கூடு கட்டிக்கொண்டு தூங்கும். விளக்கை நேராக அதன் கண்ணில் அடிக்காதீர்கள். டார்பன் என்ற ஆளுயர வெள்ளி மீன் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் திடீரென்று வந்து நிற்கும். உங்கள் விளக்கொளியில் இரை தேடத்தான் வருகிறது, உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் எந்த மீன் மேல் விளக்கை நிறுத்துகிறீர்களோ அதை அது விழுங்கிவிடும். எனவே விளக்கை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாளிலிருந்து சில இரவுகள் தவறவிடக்கூடாதவை. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, நிலவு எழும் முன், விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆஸ்ட்ரகாட் என்னும் கடுகளவு ஓடுடலிகளின் ஆண்கள் பெண்களை அழைக்க, நீலநிற ஒளிப்புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுக்கொண்டே நீந்தும். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இன்னொன்று, பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முத்துச்சரங்கள். ஆஸ்ட்ரகாட்களில், ஒளியால் இணையை அழைக்கும் இந்தப் பழக்கம் கரீபியன் கடல் இனங்களுக்கே உரியது.

பவளப்பாறைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று படித்தேன். பொனேர் தப்பித்துவிட்டதா?

தப்பிக்கவில்லை. மற்ற பல தீவுகளைவிட நன்றாக இருக்கிறது என்பது உண்மை. அடி வாங்கியிருக்கிறது என்பதும் உண்மை.

1970-களின் இறுதியில் தொடங்கி, வெண்பட்டை நோய் மான்கொம்புப் பவளங்களைக் கரீபியன் முழுக்க அழித்தது. 1983, 84-ல் நீண்ட கறுப்பு முள் கொண்ட டயடெமா கடல் முள்ளெலிகள் ஒரே ஆண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்தன. பாசியைத் தின்ன அவை இல்லாததால், பவளத்தின் இடத்தைப் பாசி பிடித்தது. 2022-ல் இன்னொரு கொள்ளைச்சாவு பல தீவுகளைத் தாக்கியது. பொனேர் புயல் பாதைக்குத் தெற்கே இருந்தும், 1999 நவம்பரில் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தபோது, எழுந்த அலைகள் அமைதியான மேற்குக் கரையின் ஆழம் குறைந்த பவளங்களை நொறுக்கின.

இப்போது பெரிய கவலை இரண்டு. ஒன்று வெப்பம். தண்ணீர் வாரக்கணக்கில் சூடாக இருந்தால் பவளம் தனக்குள் வாழும், தனக்கு உணவு தரும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது வெள்ளை எலும்பு மட்டும் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 2023 கோடையில் தொடங்கிய வெப்பம் கரீபியன் முழுக்க இப்படி வெளிற வைத்தது. மற்றொன்று, கல்பவளத் திசு இழப்பு நோய். 2014-ல் புளோரிடாவில் முதலில் கண்டது, 2023-ல் பொனேருக்கு வந்தது. மூளைப் பவளம், தூண் பவளம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்குகிறது. முதலில் ஒரு வெள்ளைத் திட்டு, பிறகு சில வாரங்களில் பல நூற்றாண்டு வயதான பவளம் மொத்தமும் போய்விடுகிறது.

இதில் டைவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வெட்சூட்டிலும் பி.சி.டி.க்குள்ளும் தேங்கும் கடல்நீரோடு நோய் இடம் மாறக்கூடும். எனவே நோய் கண்ட இடத்தில் டைவ் செய்த அன்றே நோயற்ற இடத்துக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு நாளும் உபகரணங்களைக் கிருமிநாசினிக் கரைசலில் முக்கி, நன்னீரில் அலசிக் காயவையுங்கள். பி.சி.டி.யின் உட்பையையும் மறக்காமல் அலச வேண்டும். எந்த இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று டைவ் மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ரீஃப் ரினியூவல் பொனேர் என்ற அமைப்பு, நீருக்கடியில் மரம் போன்ற சட்டங்களில் மான்கொம்புப் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்த்து, மறுபடி பாறையில் நடுகிறது. இந்த வகை நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளும். பயிற்சி எடுத்துக்கொண்டால் பயணிகளும் அந்த நாற்றங்காலில் பாசி தேய்க்கலாம். ஒரு டைவை இதற்குக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சுறா, நீரோட்டம்... ஆபத்து எது?

சுறாவை இங்கே அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். சீலா மீன் முறைத்துப் பார்க்கும், கடிக்க வராது. அஞ்சாலை விலாங்கு வாயைத் திறந்து மூடுவது மூச்சுவிடத்தான். தொந்தரவு தருவது நெருப்புப் பவளம். தோலில் பட்டால் எரியும். பாறை மாதிரியே கிடக்கும் தேள்மீனின் முள்ளும் நஞ்சு. இரண்டுக்கும் மருந்து, எதன் மேலும் கை வைக்காமல் இருப்பதுதான். உண்மையில் அதிகம் பேர் அடிபடுவது கரையில்: கூர்மையான, வழுக்கும் பாறை மேல் டேங்கோடு நடக்கும்போது. கெட்டியான அடி கொண்ட காலணி அவசியம். தெற்கு முனையில் நீரோட்டம் பலமாக இருக்கும், அனுபவசாலிகளோடு மட்டும் போங்கள். கிராலெண்டைக் மருத்துவமனையில், டைவிங்கால் வரும் அழுத்தப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது.

வண்டியில் விலையுயர்ந்த பொருள் எதையும் வைத்துவிட்டு இறங்காதீர்கள். அங்குள்ளவர்கள் கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டாமலே விட்டுப் போகச் சொல்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து எப்படிப் போவது?

நேர் விமானம் இல்லை. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போவது ஒரு வழி, அமெரிக்கா வழி இன்னொன்று. பொனேர் நெதர்லாந்துடையது என்றாலும் ஷெங்கன் பகுதியில் சேராது, அதற்குத் தனி விசா விதிகள். டிக்கெட் எடுக்கும் முன் நெதர்லாந்து தூதரகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கடைசி நாள் டைவ் செய்துவிட்டு விமானம் ஏறலாமா?

கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். நான் ஒரு முழு நாள் விடுவேன். அந்த நாளை வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்கு ஒதுக்கலாம். 1969-ல் காப்பகமாக அறிவித்த நிலம். கள்ளிக்காடு, இகுவானாக்கள், உப்பேரிகளில் ஃபிளமிங்கோக்கள். கடலுக்குக் கட்டிய அதே கட்டண ரசீது அங்கும் செல்லும். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலுக்கு மேல் புதிதாக யாரையும் உள்ளே விடுவதில்லை.